முக்கால் அளவுக் கட்டில்

சம்பளச் சீட்டில் அந்த ஆளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. பட்டறையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ‘முக்கால்’ என்றால்தான் “என்ன இப்ப?” என்று எரிச்சலோடு திரும்புவார். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. உடம்பைப் பார்த்தால் ஒன்றேகால் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு, வாசலை அடைக்கிற தோள், தொண்டையில் சரளைக்கல்லைக் கொட்டினது போன்ற குரல். இடது கைப் பெருவிரலில் நகம் கிடையாது. அறுப்பு மெஷின் என்றைக்கோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெயர் வந்தது தொழிலால்.

அடுக்குமாடி கட்டி விற்கிறவர்கள், கட்டடம் பாதி எழும்பும்போதே ஒரே ஒரு வீட்டை மட்டும் முடித்து ஜோடித்து வைப்பார்கள். மாதிரி வீடு. வாங்க வருகிறவர்கள் காலில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைவதுபோல மெதுவாக நடந்து பார்ப்பார்கள். கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை, அலமாரி எல்லாம் இருக்கும். அந்த மரச் சாமான் அத்தனையும் இவர் செய்தது. அத்தனையும் முக்கால் அளவு. கட்டில் ஐந்தடி நீளம், நாலடி அகலம். அலமாரி அதைவிடக் குறைவு, ஓரடிதான் ஆழம். சட்டையை ஹேங்கரில் மாட்டினால் கதவு சாத்தாது, அதனால் உள்ளே சட்டையே மாட்ட மாட்டார்கள், மடித்த துண்டு நாலு இருக்கும். சோபாவில் உட்கார்ந்தால் பாதி ஆள்தான் உட்காரலாம். மேஜைமேல் சின்னத் தட்டு, சின்ன டம்ளர், பசை போட்டு ஒட்டியது. பக்கத்தில் ஒரு நிஜத் தட்டை வைத்துப் பார்க்கிறவரைக்கும் யாருக்கும் எதுவும் தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு யார் வீடு பார்க்க வருகிறார்கள்?

உள்ளறைகளுக்குக் கதவும் இருக்காது. “காத்து ஓட்டமா, பார்வைக்குத் தடையில்லாம இருக்கட்டும்னுதான்” என்பார் விற்பனை மேனேஜர். கதவு இருந்தால் அது திறக்க இடம் வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

இந்த வித்தையை முக்கால் எங்கேயும் படிக்கவில்லை. ஒரு தப்பில் பிறந்தது. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் முதல் மாதிரி வீடு கைக்கு வந்தபோது ஆபீஸில் வரைபடம் கொடுத்தார்கள். எண்ணெல்லாம் மில்லிமீட்டரில். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கு அடியும் அங்குலமும்தான் கையில் நிற்கும். போய்க் கேட்டால் மதிப்பு போய்விடும் என்று வீம்பு. எண்ணை விட்டுவிட்டுக் காகிதத்தின்மேல் ஸ்கேலை வைத்தார், கோட்டை அளந்தார், பெருக்கினார், அறுத்தார். அந்தக் காகிதத்தையோ, சின்னத் தாளில் அடங்கட்டும் என்று ஆபீஸில் மெஷினில் போட்டுச் சுருக்கி எடுத்திருந்தார்கள். சாமான் எல்லாம் கால்பங்கு குறைந்துபோய்ப் பிறந்துவிட்டது.

கொண்டுபோய்ப் பொருத்தின பிறகுதான் கண்ணில் உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிடலாமா என்று நிற்கும்போது மேனேஜர் உள்ளே வந்துவிட்டார். ஒரு சுற்றுச் சுற்றினார். வாயைப் பிளந்தார்.

“யோவ், ரூமை என்னய்யா பண்ணின? நேத்து எலிப்பொறி மாதிரி இருந்துச்சு, இன்னிக்கு மைதானம் மாதிரி இருக்கு!”

இவர் பையைத் தேடின கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இனிமே எல்லாமே இதே அளவு. புரியுதா? ஒரு இஞ்ச் கூடக் கூடாது.”

அன்றைக்குப் பெயரும் வேலையும் சேர்ந்தே கிடைத்தன.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேஷம் மாற்றுகிற கதைதான். டிசைனர் என்று ஓர் அம்மா. கறுப்புச் சட்டை, கறுப்பு ஃபிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி. வருஷத்துக்கு இரண்டு தடவை எங்கேயோ கண்காட்சிக்குப் பறந்துபோய் வருவார். வந்ததும் போனை நீட்டுவார். “இதுதான் இப்ப உலகம் பூரா ஓடுது.” உலகம் ஓடினால் முக்காலும் கூடவே ஓட வேண்டும்.

ஒரு வருஷம் எல்லாம் வெள்ளை. குளிர்தேசத்துக்காரன் ஆறு மாசம் வெயில் முகம் பார்க்காமல் கிடக்கிறான், வீட்டுக்குள்ளாவது வெளிச்சம் இருக்கட்டும் என்று வெள்ளையடிக்கிறான். அதில் ஒரு நியாயம் இருந்தது. அடுத்த வருஷம் எல்லாம் சாம்பல். சுவர், தரை, சோபா, திரைச்சீலை, எல்லாம் மழை வரப்போகிற வானம் மாதிரி. அதற்கடுத்தது பூசாத சிமென்ட். கொத்தனார் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போனது மாதிரி சுவர் தெரிய வேண்டுமாம். அப்படித் தெரிவதற்காக மூன்று ஆள் ஐந்து நாள் உட்கார்ந்து தனியாக ஒரு பூச்சுப் பூசினார்கள். பிறகு வரிவரியாகக் குழி எடுத்த பலகை. அந்தக் குழிக்குள் சேருகிற தூசியைத் துடைக்கிறவள் கை என்னவாகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு வளைவு வந்தது. சோபா வளைவு, நிலை வளைவு, அலமாரித் தட்டு வளைவு. நேர்க்கோடு என்ன பாவம் செய்ததோ. பாத்ரூமுக்குக் கண்ணாடிச் சுவர் வந்த வருஷம் முக்கால் வாயை அடக்க முடியாமல் கேட்டே விட்டார்: “ஏம்மா, உள்ள போறவன் யாருக்கு டாட்டா காட்டப் போறான்?”

டிசைனர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடிச் சுவர் மட்டும் நின்றது.

இதை வைத்து ஆள் புதுசுக்கு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது. மூலை மழுங்கின மேஜை வந்தபோது அவருக்கு ரொம்பப் பிடித்தது, பிள்ளைகள் நெற்றி தப்பிக்கும். கைப்பிடி இல்லாமல் லேசாகத் தட்டினால் திறந்துகொள்கிற அலமாரிக் கதவைப் பழக இரண்டு வாரம் மல்லுக்கட்டினார். ஒரு தடவை டிசைனர் ஜப்பானில் ஒரு வீட்டைக் காட்டினார். பத்துக்குப் பத்தில் ஒரே அறை. சுவரை இழுத்தால் கட்டில், மடக்கினால் மேஜை, படிக்கட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் இழுப்பறை. முக்கால் அந்தப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பார்த்தார்.

“இவன் வீடு சின்னதுன்னு ஒத்துக்கிட்டு வேலை செஞ்சிருக்கான்.”

“நாம?” என்றார் டிசைனர்.

“நாம பெருசுன்னு சாதிக்கிறோம்.”

அந்த அம்மா போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “நான் வரையறது முழு அளவுதான். அப்புறம் நீங்களும் மேனேஜரும் என்ன பண்றீங்கன்னு நான் பாக்குறதில்ல” என்றார்.

மனசு உறுத்தவில்லையா என்றால், உறுத்தாமல் என்ன? அதற்கு அவர் ஒரு சமாதானம் வைத்திருந்தார். மாதிரி வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை. நாடகத்தில் அட்டைக் கத்தியைக் காட்டுகிறார்கள், அதற்காக யாராவது போலீசுக்குப் போகிறார்களா? வாங்குகிறவன் கண் என்ன முதுகிலா இருக்கிறது? இப்படியே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. வீடு வாங்கினவர்கள் யாரோ. கட்டடம் எங்கேயோ. சாமான் செய்து கொடுத்ததோடு சரி.

யாரோவாக இருக்கிறவரைக்கும் சரி.

தங்கச்சி அவருக்குப் பதினோரு வயசு இளையவள். பெரிய ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. உயரம் நாலடி பத்தங்குலம்தான், ஆனால் வாயைத் திறந்தால் அங்கே ஓடுகிற மெஷின் சத்தமே அடங்கிவிடும். அவள் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். ஆறடிக்கு மேல். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மடிந்து மடிந்து இடுப்பு போய்விட்டது, கால் நீட்டிப் படுத்தால்தான் மறுநாள் டூட்டிக்குப் போக முடியும். இரண்டு பிள்ளைகள். கல்யாணமான பதினாலு வருஷத்தில் ஏழு வாடகை வீடு. ஒவ்வொரு தடவையும் முக்கால்தான் போய்க் கட்டிலைக் கழற்றுவார், புது வீட்டில் பூட்டித் தருவார். அவள் கல்யாணத்துக்கு அவரே செய்து கொடுத்த கட்டில் அது. மாப்பிள்ளையை நிற்க வைத்து அளந்து செய்தது. தலைப்பலகையோடு சேர்த்து ஆறடி ஒன்பதங்குலம், அகலம் ஐந்தரை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் தங்கச்சி வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது யார் செஞ்ச கட்டில்? சொல்லு பாப்போம்.”

படத்தில் அவள் படுத்திருந்தாள். வளைவான தலைப்பலகை, பழுப்பு மெத்தை, பின்னால் பெரிய நிலைக்கண்ணாடி. முக்கால் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க எடுத்த இதை?”

“எங்கயா? எட்டாவது மாடியில. கூட வேலை செய்றவளோட போனேன். படுக்கக் கூடாதுன்னு கயிறு கட்டியிருந்தாங்க. ‘இது எங்க அண்ணன் செஞ்சது, நான் படுப்பேன், நீ யாரு கேக்க’ன்னு ஏறிப் படுத்துட்டேன். அந்தத் தொப்பை மேனேஜர் இருக்காரே, ‘அண்ணன் வேலையா, அப்ப தாராளமாப் படுங்கம்மா’ன்னு சிரிக்கிறாரு. என்ன ரூம்ணே அது! பசங்க ஓடிப் பிடிச்சு விளையாடலாம். ஞாயித்துக்கிழமை கையெழுத்து. உன்கிட்ட முடிச்சுட்டுத்தான் சொல்லணும்னு இருந்தேன், வாய் நிக்கல.”

“அந்த வீடு வேணாம்.”

“என்னது?”

“வேணாம்னா வேணாம். வேற பாரு.”

“நீ மரம் அடிச்ச வீடு. அந்த நம்பிக்கையிலதான் நாங்க எதையும் துருவிக் கேக்கல. இப்ப வேணாங்கிற. ஏன்?”

முக்கால் சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாத ஆள், எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தார். கட்டில் ஐந்தடி. அலமாரி ஓரடி. கதவைக் கழற்றியது. ரூமை இரண்டு மடங்காகக் காட்டத்தான் அந்தக் கண்ணாடி என்பது. தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் சிரித்துவிட்டாள்.

“நான் கால் நீட்டிப் படுத்தேன்ணே. என் கால் வெளிய வரல.”

“நீ இருக்கிறதே நாலடி பத்து.”

“இப்ப எதுக்கு என் உயரத்தை இழுக்குற? என் கண்ணால பாத்தேன், என் முதுகால படுத்தேன். நீ நம்பர் சொல்ற. நம்பரை வெச்சு நான் என்ன பண்ண?”

சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். “உங்க அண்ணன் பொய் சொல்றவரா?”

“அதானே அண்ணி. பதினெட்டு வருஷமா இவர் பொய் சொல்லியிருக்காருன்னு இவரே சொல்றாரு. நான் எதை நம்ப?”

டூட்டி முடித்து, அவளைக் கூட்டிப்போக மாப்பிள்ளை வந்தார். விஷயத்தைக் கேட்டார். யூனிபார்ம் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

“மச்சான், ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க வீடு வாங்குறதுல உங்களுக்கு எதுவும் வருத்தமா?”

முக்காலை யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. காது சிவந்தது. அவர் இருப்பது இன்னமும் வாடகை வீடு. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கேள்விக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

“கட்டில் சின்னதாவே இருக்கட்டும்” என்றார் மாப்பிள்ளை. “அதுலயா நான் படுக்கப் போறேன்? எங்க கட்டில் இருக்கு.”

“அதைப் போட்டா ரூம்ல வேற எதுவும் நடக்காது மாப்ள.”

“நடக்கும்.”

“கதவு திறக்காது.”

“திறக்கும்.”

“தூக்குங்க அப்ப. ஞாயித்துக்கிழமை தூக்கிட்டுப் போய்ப் போட்டுப் பாப்போம்.”

“தூக்குவோம். என் சிநேகிதன் வண்டி இருக்கு.”

“நல்லா இருக்குடா சாமி” என்றாள் தங்கச்சி. “என் கட்டிலை வெச்சு ரெண்டு பேரும் பந்தயம் கட்டுறீங்களா?”

அவர்கள் போன பிறகு மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“வேலை போயிடும்.”

“போகட்டும்.”

“போனா?”

“கையையும் காலையுமா எடுத்துக்கிட்டுப் போகுது? வேலைதானே போகுது.”

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது, “மேனேஜர் முன்னாடி அந்தக் கிழிஞ்ச சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வண்டி கட்டடத்து வாசலில் நின்றது. தலைப்பலகை, கால்பலகை, இரண்டு பக்கச் சட்டம், ஒன்பது குறுக்குப் பலகை. காவல்காரர் முக்காலைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தார்.

“புது ஐட்டமாண்ணே?”

“ஆமா. உலகம் பூரா இப்ப இதுதான் ஓடுது.”

எட்டாவது மாடியில் பெரிய படுக்கையறை. பெரியது என்று பெயர்தான். எட்டடிக்கு எட்டரை. முதலில் அங்கே இருந்த கட்டிலை எடுக்க வேண்டும். மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு குனிந்தார். ஒரு கையில் வந்துவிட்டது. மெத்தை கிரீச்சென்றது. விரலால் குத்திப் பார்த்தார். தெர்மோகோல். தங்கச்சி முகம் மாறியது. மாப்பிள்ளை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கட்டிலைக் கொண்டுபோய் வராந்தாவில் வைத்துவிட்டு வந்து, “சரி, நம்மளதைப் பூட்டுங்க” என்றார்.

முக்கால் பூட்டினார். சட்டத்தைக் கால்பலகையோடு பிணைக்கிற நாலு போல்ட்டையும் ஸ்பானர் போட்டு இறுக்கினார். ஏழு வீட்டில் செய்த வேலை, கண்ணை மூடிக்கொண்டு வரும். மாப்பிள்ளை ஏறிப் படுத்தார். தலையிலிருந்து கால்வரை கட்டில் அவரை வாங்கிக்கொண்டது.

“பாத்தீங்களா மச்சான்? உள்ள வந்துடுச்சு.”

“வந்துச்சு. எழுந்து அலமாரிப் பக்கம் போங்க.”

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டடி. மாப்பிள்ளை போனார். “போயிட்டேனே.”

“அது ஓரடி ஆழ அலமாரி. நிஜ அலமாரி இன்னும் ஓரடி முன்னால வரும். ஓரடிச் சந்துல நின்னுக்கிட்டு எப்படிப் பேண்ட் போடுவீங்க?”

மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். முழங்கால் கட்டிலில் இடித்தது. “உக்காந்து போட்டுக்குவேன்” என்றார் விடாமல்.

“நல்லது. இப்பக் கதவு.”

கழற்றின கதவெல்லாம் வராந்தாக் கோடியில் கரண்ட் மீட்டர் இருக்கிற சின்ன அறையில் சாத்தி வைத்திருந்தது. அவர் வைத்ததுதானே. ஒன்றைத் தோளில் தூக்கிவந்தார், நிலையில் மூன்று கீலையும் சேர்த்தார், முள்ளை இறக்கினார். மூன்று பேரும் உள்ளே இருந்தார்கள். கதவைச் சாத்தினார். சத்தமில்லாமல் சாத்தியது, நல்ல வேலை.

“திறங்க மாப்ள.”

மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு ஒரு முழம் வந்தது. டக். கட்டிலின் கால்பலகையில் இடித்து நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். டக். பஸ் கதவையே ஒரு கையால் மடக்குகிற ஆள், மூன்றாவது தடவை இழுத்தபோது கட்டில் முனகியது, கதவு அசையவில்லை.

தங்கச்சி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் போவேன் இதுல” என்றாள், யாருக்கும் இல்லாமல். “பசங்க போவாங்க. இவரு எப்படிப் போவாரு?”

அந்த நேரம் பார்த்து வெளியே காலடிச் சத்தம். மேனேஜர் அன்றைக்கு முதல் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏழெட்டுப் பேர், எல்லார் காலிலும் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. “வாங்க வாங்க, இதுதான் நம்ம பெரிய பெட்ரூம், இப்ப உலகத்துல எல்லா...” குரல் பாதியில் நின்றது. இல்லாத கதவு ஒன்று முளைத்திருந்தது. தள்ளினார். டக்.

அந்த இடுக்கில் முதலில் மேனேஜரின் தலை வந்தது. பிறகு ஒரு தோள். அதற்குமேல் தொப்பை விடவில்லை.

“யோவ் முக்கால்! என்னய்யா இது?”

“கட்டில்.”

“தெரியுது! யார் வெக்கச் சொன்னது?”

“வாங்கப் போறவங்க. அவங்க கட்டில். போட்டுப் பாக்குறாங்க.”

“விளையாடுறியா? கஸ்டமர்ஸ் நிக்குறாங்க. அஞ்சு நிமிஷத்துல கழட்டு.”

முக்கால் ஸ்பானரைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தங்கச்சிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கட்டில் கிர்ரென்றது.

“கழட்ட மாட்டேன். எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் கழட்டுறேன்.”

“இனிமே உனக்கு இங்க வேலை கிடையாது. இங்க மட்டும் இல்ல, இந்தத் தொழில்லயே ஒருத்தன் உனக்குக் கதவைத் திறக்க மாட்டான்!”

“நீங்களே முதல்ல இந்தக் கதவைத் திறங்க பாப்போம்.”

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் பின்னால் திரும்பிப் பார்க்க முயன்றார், கழுத்து கதவில் மாட்டிக்கொண்டது. குரலை மாற்றிக்கொண்டார். “அம்மா, நீங்க சொல்லுங்கம்மா. உங்க அண்ணனுக்கு உடம்பு சரியில்லை போல. நீங்க வாங்க, ஆபீஸ் ரூமுக்குப் போய் உக்காந்து பேசுவோம், கையெழுத்துப் பேப்பர் ரெடியா இருக்கு. வேணும்னா கதவை வெளிப்பக்கமாத் திறக்குற மாதிரி மாத்திக் கொடுக்கச் சொல்றேன்.”

“வெளிப்பக்கம் திறந்தா ஹால் சோபா மேல இடிக்கும்” என்றார் முக்கால். “ஹால் சோபாவும் நான் செஞ்சதுதான். நிஜ சோபா போட்டா அங்க ஆளே நடக்க முடியாது.”

தங்கச்சி எழுந்தாள். மடித்து வைத்திருந்த விண்ணப்பத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். கிழிப்பாள் என்று மாப்பிள்ளை நினைத்தார். அவள் கிழிக்கவில்லை. கதவிடுக்கில் நீட்டிக்கொண்டிருந்த மேனேஜரின் சட்டைப்பையில் செருகினாள்.

“வேணாம் சார். நான் உங்க வீட்டைப் பாத்து ஆசைப்படல. எங்க அண்ணனைப் பாத்துத்தான் ஆசைப்பட்டேன்.”

பிறகு திரும்பினாள். முக்கால் ஒரு நன்றியை, குறைந்தது ஒரு தலையசைப்பை எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்தது வேறு.

“எத்தனை வீடுண்ணே?”

“எது?”

“இந்த மாதிரி ஜோடிச்ச வீடு. பதினெட்டு வருஷத்துல.”

“முப்பத்தொண்ணு.”

“முப்பத்தொரு கட்டடம். ஒரு கட்டடத்துக்கு அறுபது வீடாவது இருக்கும். அதுலயெல்லாம் யாரோட தங்கச்சியும் இல்லையா?”

அட்டைக் கத்தி, நாடகம் என்று அவர் வைத்திருந்த சமாதானம் எல்லாம் தொண்டைவரை வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளேயே போய்விட்டது. மாப்பிள்ளை அவர் தோளில் கை வைத்தார். “மச்சான், அன்னிக்கு நான் கேட்டது தப்பு” என்றார் மெதுவாக. அதுவும் அப்போது உதவவில்லை.

மேனேஜரின் தலைக்குக் கீழே, இடுக்கு வழியாக ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. தோளில் கைக்குழந்தை. பின்னால் அவள் புருஷன் நின்றிருந்தான். அவள் மேனேஜரைக் கேட்கவில்லை, நேராக முக்காலைக் கேட்டாள்.

“அண்ணே, அந்தப் பக்கத்துச் சின்ன ரூமும் இப்படித்தானா? அங்க தொட்டில் போடலாம்னு நினைச்சிருந்தோம்.”

“மேடம், இவரு பேச்சைக் கேக்காதீங்க, இவரு இங்க வேலை செய்றவரே இல்ல” என்றார் மேனேஜர்.

“இப்பத்தானே வேலையை விட்டுத் தூக்கினீங்க?” என்றான் அந்தப் புருஷன்.

முக்கால் தங்கச்சியைப் பார்த்தார். அவள் முகம் இளகவில்லை.

“என்னை எதுக்குப் பாக்குற? அவங்க கேக்குறாங்க, சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. நானும் வர்றேன், நீ எதை முழுங்குறேன்னு பாக்க.”

அவர் எழுந்தார். மேனேஜரின் தலையை உள்ளங்கையால் பதமாக வெளியே தள்ளினார். சுத்தியால் மூன்று தட்டு, கீல் முள் மூன்றும் கையில் வந்தது. கதவை நிலையிலிருந்து பெயர்த்து, அப்படியே வெளியே நீட்டினார்.

“பிடிங்க சார்.”

தரையில் போட்டால் புதுத் தரை போய்விடும். மேனேஜர் வேறு வழியில்லாமல் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். நல்ல கனம். அது மட்டும் நிஜ மரம்.

“யாராவது போன் பண்ணுங்கப்பா! முதலாளிக்குப் போன் பண்ணுங்க!” என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். போன் அவர் பாக்கெட்டில்தான் இருந்தது. கை இல்லை.

முக்கால் ஹாலுக்கு வந்தார். ஏழெட்டுப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினெட்டு வருஷத்தில் வாங்க வந்தவர்கள் முகத்தை அவர் இத்தனை கிட்டத்தில் பார்த்ததே இல்லை. மாதிரி வீடு திறக்கிற நாளில் தச்சனுக்கு அங்கே வேலை கிடையாது. தொண்டையைச் செருமினார்.

“சின்ன ரூம்ல இருக்கிற கட்டில் நாலடி. படிக்கிற மேஜையில நோட்டு வெச்சா கை வெக்க இடம் இருக்காது. எல்லாம் நான் செஞ்சது. வாங்க, காட்டுறேன்” என்று முன்னால் நடந்தார்.

குழந்தைக்காரி பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், சரசரவென்று.